சந்தனம் பூசிய நுணுக்குக்காட்டி

மாத்தளையில் எங்கள் பாடசாலைக்கு விஞ்ஞான ஆய்வுகூடம் கட்டியபோது கல் சுமந்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். தேயிலைத் தோட்டத்தில் ஆறு நாள் வேலை, ஏழாம் நாள் கல். லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகளும் விஞ்ஞானம் படித்துப் பல்கலைக்கழகம் போகட்டும் என்ற ஆசை. திறப்பு விழாவில் மாலை வாங்கியவர்கள் வேறு ஆட்கள். அது போகட்டும்.

திறந்த மறுநாளே பாடசாலை அதிபர் அதைப் பூட்டினார். சாமான் உடைந்தால் மேலிடத்துக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டுமாம். உயர்தர வகுப்பில் நான் இருந்த காலம் முழுக்க, மைக்ரோஸ்கோப் என்கிற நுணுக்குக்காட்டியைக் கரும்பலகைப் படத்தில் பார்த்தே படித்தேன். சரஸ்வதி பூசை நடக்கும் வாணி விழா அன்று மட்டும் கதவு திறக்கும். கருவிகளை வெள்ளை விரிப்பில் வைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வெளியே வருவோம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பது எங்களுக்கு வெறும் பழமொழி இல்லை.

இனக்கலவரத்தில் எங்கள் லயத்தை எரித்தார்கள். ஓடி வந்து பாடசாலையில் தங்கினோம். வகுப்பறைகள் நிறைந்துவிட, அப்பா ஆய்வுகூடத்து வராந்தாவில் மழைச் சாரலில் படுத்தார். அவர் கல் சுமந்த கட்டடம். அப்போதும் பூட்டு திறக்கவில்லை.

சில மாதங்களில் செய்முறைப் பரீட்சை வந்தது. கண்டியில் ஒரு பெரிய பாடசாலையில் நடந்தது. என் மேசையில் நிஜமான நுணுக்குக்காட்டி. என்னை அறியாமல் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பக்கத்து மேசைப் பிள்ளை சிரித்தாள். எந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை. ஏதோ ஒன்றைத் திருப்பினேன். குழல் இறங்கி, கீழே இருந்த கண்ணாடித் தகடு நொறுங்கியது. பரீட்சகர் எதையோ எழுதிக்கொண்டு நகர்ந்தார்.

பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. அதிபரிடம் போய், செய்முறையில்தான் கோட்டைவிட்டேன், ஒரு நாளாவது திருகிப் பழக விட்டிருந்தால் தப்பியிருப்பேன் என்றேன். அவர் எழுந்து போய் ஆய்வுகூடத்தைத் திறந்தார். அலுமாரியையும் திறந்து காட்டினார்.

"பாத்தியாம்மா, இத்தன வருஷத்துல ஒரு கிளாஸ் சாமான்கூட ஒடயல."

முகத்தில் அத்தனை பெருமை. உள்ளே நுணுக்குக்காட்டி இருந்தது. அதன் வில்லையில் போன வாணி விழாச் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. அதைத் தூக்கி அவர் காலடியில் போட்டு உடைத்திருக்க வேண்டும். நான் "சரிங்க சார்" என்றேன். அதோடும் நிற்கவில்லை. கை தானாகப் போய் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. அந்தக் கையின் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.