சாவுக்கு வாங்கிய வாய்தா

வாய்தா என்ற சொல்லை நான் கொடைக்கானலுக்கு வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். நாங்கள் பிறந்து வளர்ந்த இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் துரை கூப்பிட்டால் அன்றைக்கே போய் நிற்க வேண்டும். இங்கே கோர்ட்டில் கூப்பிட்டாலும் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்ல வழியிருக்கிறது, காரணம் மட்டும் நன்றாக இருக்க வேண்டும் என்று எங்கள் வக்கீல் சொன்னபோது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அந்த வேடிக்கை ரொம்ப நாள் நிலைக்கவில்லை.

எழுபதுகளின் கடைசி அது. அப்பா இந்தியாவுக்குக் கப்பலேறுவதற்கு முன்பே இறந்துபோனார். அம்மாவும் நானும் மண்டபம் முகாமில் கொஞ்ச காலம் கிடந்து, பிறகு யார் யாரையோ பிடித்துச் செண்பகனூரில் வந்து ஒட்டிக்கொண்டோம். அம்மா ரோட்டோரத்தில் ஒரு சின்னக் கடையை வாடகைக்கு எடுத்து டீ போட்டாள். நான் பள்ளிப்படிப்பை முடித்துவிட்டு டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டிருந்தேன். மலைக்கு ஆட்கள் வருகிற ஏப்ரலும் மேயும்தான் எங்களுக்கு வருஷம். அந்தச் சீசன் வியாபாரத்தை வைத்துத்தான் மழைக்காலம் முழுக்க வீட்டில் அடுப்பெரியும்.

ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் எங்கள் பூட்டுக்கு மேல் இன்னொரு பூட்டு தொங்கியது. கடையின் சொந்தக்காரர் போட்டது. அவர் மிஷன் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மாதா கோயில் காரியங்களில் முன்னால் நிற்பவர், தெருவில் பார்த்தால் எல்லோரும் கும்பிடுகிற மனிதர். கடையை வேறு யாருக்கோ விட அவருக்கு ஆசை வந்துவிட்டது. பாய்லர், கெட்டில்கள், சீனி மூட்டை, பெஞ்சுகள் எல்லாம் உள்ளே. நாங்கள் வெளியே.

வத்தலக்குண்டிலிருந்து மலையேறி வந்துபோகிற ஒரு வக்கீல் எங்களுக்காக மனுப் போட்டார். முதல் தடவை அவர்கள் வக்கீலுக்குக் காய்ச்சல் என்று வாய்தா. அடுத்த தடவை ஏதோ தாள் கைக்கு வரவில்லை என்று வாய்தா. பனி போய் வெயில் வந்துவிட்டது. ஏப்ரல் பாதியில் ஒரு நாள் குறித்தார்கள். அன்றைக்கு உத்தரவு வாங்கிவிட்டால் மே மாதமாவது நமக்குக் கிடைக்கும் என்று வக்கீல் சொன்னார். அந்த ஒரு மாதத்தைத்தான் அம்மா நம்பியிருந்தாள்.

அன்றைக்குக் கடையின் சொந்தக்காரர் கோர்ட்டுக்கு வரவில்லை. அவருடைய வக்கீல் எழுந்து இங்கிலீஷில் ஏதோ சொன்னார். எனக்குப் புரிந்த மட்டும் அம்மாவின் காதில் சொன்னேன். "அவரு அம்மா இன்னைக்குக் காலையில செத்துட்டாங்களாம். வாய்தா கேக்குறாங்க."

நீதிபதி எங்கள் பக்கம் பார்த்தார். "என்னம்மா, உங்களுக்கு ஏதும் ஆட்சேபனை உண்டா?"

எங்கள் வக்கீல் வாயைத் திறப்பதற்குள் அம்மா எழுந்துவிட்டாள்.

"சாவுக்கு என்னங்க ஐயா ஆட்சேபனை. அவரு தாய அடக்கம் பண்ணட்டும்."

நீதிபதி தலையசைத்தார். மே மாதம் கோர்ட்டுக்கு விடுமுறை. வழக்கை ஜூனுக்குத் தள்ளி வைத்தார்கள். வராந்தாவுக்கு வந்ததும் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்மா, நான் ஒரு ஆளு எதுக்கு நிக்கேன்? இந்த மாசத்துக்குள்ளேயே ஒரு தேதி கேட்டு வாங்கியிருப்பேன்ல?"  அம்மா அதற்குள் வேறு கணக்கில் இருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் உலை வைத்தாள். எதற்கு என்று கேட்டேன்.

"சாவு வீட்டுல அடுப்புப் பத்த வைக்க மாட்டாங்க புள்ள. பகை கோர்ட்டுல கெடக்கட்டும்."

தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டி வரிசையாக நிற்கிற கூலி வீடுகளில், அப்படித்தான். முந்தின நாள் பைப்படியில் மயிரைப் பிடித்துச் சண்டை போட்டவள்கூட, எதிராளி வீட்டில் சாவு என்றால் சோறு வடித்துக்கொண்டு போவாள். அதை யாரும் பெருந்தன்மை என்று சொன்னதில்லை. பல் விளக்குவது மாதிரி ஒரு பழக்கம். இங்கே எங்கள் கடையைப் பூட்டி வைத்தவனுக்கு எதற்கு அந்தப் பழக்கம் என்று நான் கத்தினேன். அம்மா சோற்றுப் பானையைத் துணியால் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு, தேத்தண்ணிக் கெட்டிலை என் கையில் கொடுத்தாள்.

அவர் வீடு ரோட்டுக்குக் கீழே சரிவில் இருந்தது. வாசலில் பந்தல் இல்லை, கூட்டம் இல்லை. இவர்கள் கிறிஸ்தவர்கள், இவர்கள் வழக்கம் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கேட்டைத் தாண்டியதும் அம்மா கொண்டையை அவிழ்த்துவிட்டு, லயத்துப் பெண்கள் சந்து முனையிலேயே ஆரம்பிக்கிற மாதிரி, பெருங்குரலில் ஒப்பாரியை எடுத்தாள். மவராசி, பெத்த மவன விட்டுப் போயிட்டியே என்று அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டு முற்றத்துக்குள் நுழைய, அங்கே வெயிலில் நாற்காலி போட்டு ஒரு கிழவி முறத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

கிழவி நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரும்மா செத்தது?" என்றாள்.

அம்மாவின் குரல் பாதியில் நின்றது.  எனக்குக் கெட்டிலைக் கீழே போட்டுவிட்டு ஓடலாம் போலிருந்தது. அம்மா நின்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"எங்க சொந்தத்துல ஒரு பெரியம்மாங்க. திடீர்னு போயிட்டாங்க. அங்கதான் சோறு கொண்டு போறேன். வழியில உங்களப் பாத்ததும் அழுக வந்துருச்சு."

"என்ன வயசு?"

"உங்க வயசுதாங்கம்மா."

கிழவி நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். முறத்தை இறக்கி வைத்துவிட்டு நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தாள். "பக்கத்துலதான? நானும் வந்து ஒரு செபம் சொல்லிட்டு வாரேன். செத்தவங்கள ஒத்தையில விடக்கூடாது."

அப்போதுதான் அவர் உள்ளேயிருந்து வந்தார். பானையைப் பார்த்தார், அம்மாவின் அவிழ்ந்த தலைமுடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எல்லாம் அவருக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்குப் புரிந்தது. "நீ உக்காரும்மா, உன்னால மேடு ஏற முடியாது" என்று கிழவியின் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

கிழவி பார்த்துக்கொண்டே இருந்ததால் எங்களால் வீட்டுப் பக்கம் திரும்ப முடியவில்லை. இல்லாத சாவு வீட்டை நோக்கி எதிர்ப்பக்கமாக, வளைவு மறைக்கிற வரைக்கும் மேட்டில் ஏறினோம். வளைவில் ஒரு பாய் பலசரக்குக் கடை வைத்திருந்தார். எங்களோடு நல்ல பழக்கம். "என்னக்கா, யாரு வீட்டுல துக்கம்?" என்று கேட்டார். அம்மா கல்லில் உட்கார்ந்துவிட்டாள். நான்தான் நடந்ததைச் சொன்னேன்.

அவர் சிரிப்பை அடக்கத்தான் பார்த்தார். முடியவில்லை. "ஏக்கா, அவங்கள்ல ஒருத்தர் செத்தா மொதல்ல கோயில்ல துக்க மணில்லா அடிக்கும்? அதக் கேட்டுட்டுத்தான் இங்க நாங்களே மால வாங்கப் போவோம். மணி கேட்டுச்சா உங்களுக்கு?"

மணி அடிப்பது தினமும் கேட்கும். எதற்கு எந்த மணி என்று எங்களுக்குத் தெரியாது. இந்த ஊரில் பிறந்த சின்னப் பிள்ளைகூட அந்த வாய்தாவைக் கேட்டதும் மணி அடிக்கவில்லையே என்று யோசித்திருக்கும். நாங்கள் சோறு வடித்தோம்.

பாய் யாரிடமும் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். ஆனாலும் மறுநாளே பஸ் ஸ்டாப்பில் ஒருவர், "இன்னைக்கு யாருக்குச் சோறு?" என்று கேட்டார். டைப்ரைட்டிங் வகுப்பில் பெண்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். எனக்கு அந்தப் பொய் சொன்ன மனிதர்மேல் வந்ததைவிட அம்மாமேல்தான் கோபம் வந்தது. ஏமாந்தவள் மகள் என்பதைவிட, ஏமாந்து ஒப்பாரி வைத்தவள் மகள் என்பது தாங்க முடியவில்லை. மே மாதம் முழுக்க டூரிஸ்ட் பஸ்கள் எங்கள் பூட்டிய கடைக்கு முன்னால் வந்து நின்றன. இறங்கியவர்கள் பக்கத்துக் கடையில் டீ குடித்தார்கள். அம்மா ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவப் போனாள்.

ஜூனில் வக்கீல் விஷயத்தைக் கேள்விப்பட்டுத் துள்ளிக் குதித்தார். "இத ஒரு வார்த்த எந்திரிச்சுச் சொன்னாப் போதும்மா. கோர்ட்ட ஏமாத்துன ஆளுன்னு ஆயிரும். பூட்டு வெரசா தொறந்துரும்."

"வேணாங்க," என்றாள் அம்மா. "அந்தக் கெழவி காதுக்குப் போகாதுங்களா? பெத்த மவன் கோர்ட்டுல தன்னக் கொன்னுட்டான்னு அது கேக்கணுமா?"

வழியெல்லாம் அம்மாவோடு சண்டை போட்டேன். நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன் என்றேன். சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனப்பாடம்கூடச் செய்திருந்தேன்.

குறித்த நாளில் கடையின் சொந்தக்காரர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். வழக்கைக் கூப்பிட்டதும் நீதிபதி தாள்கட்டைப் புரட்டிவிட்டு, மரியாதைக்கு, "அம்மா காரியமெல்லாம் முடிஞ்சுதா?" என்று அவரைக் கேட்டார். அவர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. நான் எழுந்திருக்கப் போனேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, தான் எழுந்தாள்.

"நல்லபடியா முடிஞ்சுதுங்க ஐயா. நாங்களும் போயிருந்தோம்."

பின்னால் பெஞ்சில் யாரோ கனைத்தார்கள். எங்கள் வக்கீல் தாள்கட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். இவ்வளவும் போதாதென்று சபையில் இதையும் சொல்கிறாளே என்று நான் குறுகிப் போனேன். அவர்கள் வக்கீல் இன்னொரு தேதி கேட்க எழுந்தபோது, சொந்தக்காரரே அவருடைய கவுனைப் பிடித்து இழுத்து உட்காரவைத்ததாகப் பிறகு எங்கள் வக்கீல் சொன்னார். அன்றைக்கே விசாரணை நடந்தது. கடையைத் திறந்துவிடச் சொல்லி உத்தரவு வந்தபோது மழை பிடித்துவிட்டது. உள்ளே சீனி மூட்டை கரைந்து தரையெல்லாம் ஓடியிருந்தது.

அன்றைக்கு விசாரணை முடிந்து வெளியே வந்ததும் அம்மாவோடு சேர்ந்து நடக்காமல் நான் பல அடி முன்னால் நடந்தேன். இரண்டு பேரும் யாரோ எவரோ என்று பார்க்கிறவர்கள் நினைக்கட்டும் என்று. அம்மா மூச்சு வாங்க ஓடி வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு மூஞ்சியப் பாத்தியா புள்ள?" என்றாள்.

நான் பார்க்கவில்லை. அம்மா எழுந்து பேசிய அந்த நேரம் முழுக்க, யாரெல்லாம் எங்களைப் பார்க்கிறார்களோ என்று நான்தான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன்.