இல்லத்தரசி என்று எழுதினேன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, அடையாறில் ஒரு தனியார் மருத்துவமனை. அம்மாவுக்குத் தைராய்டில் புற்றுநோய் என்று தெரிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. நந்தனத்தில் இருக்கும் என் ஆபீசுக்கும் அங்கேயுமாக அலைந்து ஓய்ந்து போயிருந்தேன். ரத்தம் கொடு, ஸ்கேன் எடு, டோக்கன் வாங்கு, உட்கார். தினமும் இதே கதைதான்.

எங்கள் குடும்பத்தில் முதலில் காலேஜுக்குப் போனவள் நான். அதனால் எல்லா முடிவையும் நானே எடுத்தேன். ரோபோ உதவியோடு அக்குள் வழியாக ஆபரேஷன் செய்தால் கழுத்தில் தழும்பே இருக்காது என்று படித்திருந்தேன். அதுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். எங்கம்மாவுக்கும் பெரிய வைத்தியம் என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளும் ஆசையும் இருந்தது.

அம்மா பட்டினப்பாக்கத்தில் மீன் எடுத்து, ராஜா அண்ணாமலைபுரம் தெருக்களில் தலையில் சுமந்து விற்பவள். படிவத்தில் தொழில் என்ற இடத்தில் நான் 'இல்லத்தரசி' என்று எழுதினேன். கனமான பொருள் தூக்குவாரா என்று டாக்டர் கேட்டபோதும், வீட்டில்தான் இருக்கிறார் என்று நானே முந்திக்கொண்டேன். அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

அட்மிட் ஆன அன்று கையெழுத்து வாங்க டாக்டர் வந்தார். மெஷின் தானாகச் செய்யாது, தான்தான் அதை இயக்கப்போவதாகச் சொன்னார். அக்குளிலிருந்து கழுத்துவரை தோலுக்கடியில் வழி எடுக்க வேண்டும். சிலருக்கு நெஞ்சும் தோளும் மாதக்கணக்கில் மரத்திருக்கும், அபூர்வமாகக் கை நரம்பு இழுபட்டுப் பலம் குறையலாம். குரல் நரம்புக்கான ஆபத்து எந்த முறையிலும் உண்டு. உள்ளே சிக்கலானால் கழுத்தைத் திறக்கவும் நேரலாம். வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். நான் வாயைத் திறந்தேன். அம்மா என் கைமேல் கை வைத்தாள்.

"இன்னாத்துக்கு எல்லாத்துக்கும் நீயே பேசுற? கட்டி என் கழுத்துலதானே கீது."

பிறகு டாக்டர் பக்கம் திரும்பினாள். "நான் மீன் விக்கறவ டாக்டரம்மா. இந்தக் கையாலதான் கூடையத் தூக்கி தலைல வச்சிக்கினு போறேன். கை மரத்துப்போனா உங்க மிசினு வந்து தூக்குமா? தழும்பு இருந்துட்டுப் போவட்டும். மீன் வாங்கறவங்க செவுளத்தான் பாப்பாங்க, என் கழுத்தையா பாக்கப்போறாங்க?"

டாக்டர் சிரித்துவிட்டார். அப்புறம் என்னைப் பார்த்து, "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. கூடை சுமப்பவருக்குக் கழுத்திலேயே திறந்து செய்வதுதான் நல்லது என்று முடிவு செய்தார்.

ஆபரேஷன் முடிந்தது. ஆனால் குரல் மூன்று மாதம் கம்மிப்போயிருந்தது. கூவ முடியாமல் ஒவ்வொரு வீட்டு கேட்டையும் தட்டித்தட்டி விற்றாள். இப்போதும் குரல் பழையபடி இல்லை; கை மட்டும் நன்றாக இருக்கிறது.

படித்தவள் என்ற பெருமை எனக்கு இன்னும் உண்டு. ஆனால் என்னைப் படிக்கவைத்த வேலையைச் சொல்லக் கூச்சப்பட்டு, அந்த வேலையைச் செய்யும் கைக்கே ஆபத்தைத் தேடிக்கொடுக்கப் பார்த்தேனே என்று நினைக்கும்போதெல்லாம், அந்த ஒரு மாத அலைச்சலை விட இதுதான் என்னை அதிகம் களைப்பாக்குகிறது.