சுண்ணாம்பு மறந்த அக்கானியும் ஒரு பின்னல் ரொட்டியும்

எங்கள் அம்மா பொய் சொல்ல மாட்டாள். கால்படி உண்மையில் முக்கால்படி தண்ணீர் சேர்ப்பாள், அவ்வளவுதான். அந்தத் தண்ணீரில் நான் மூழ்கிச் சாகப் பார்த்த கதை இது.

நாகர்கோவில் அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்த வரன்களில் எனக்குப் பிடித்தது ஒரே ஒரு ஆளைத்தான். ஒரு கன்வென்ஷன் பந்தலில் போதகர் கண்ணை மூடி நீளமாக ஜெபித்துக்கொண்டிருந்தபோது, அவருடைய மூக்கில் ஈ உட்கார்ந்ததைப் பார்த்து எதிர்வரிசையில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் கண்ணைத் திறந்து வைத்திருந்ததால்தானே அது தெரிந்தது! கட்டினால் இவரைத்தான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். பிறகு அந்த வரனே தேடி வந்தபோது, ஜெபத்துக்குக்கூடப் பலன் உண்டுபோல என்று நினைத்தேன்.

அவருடைய அம்மா கல்யாணத்துக்கு முன்பு மிஷன் பங்களாவில் வெள்ளைக்கார மிஸ்ஸியம்மாவிடம் லேஸ் பின்னியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே நின்றபோது, "கப்பலேறிப் போன நம்ம மிஸ்ஸியம்மா ஒரு பின்னல் ரொட்டி போடுவாவ, உள்ள வாதுமைப் பருப்பு அரைச்சு வச்சு. அந்த ருசி இன்னும் நாக்குல நிக்கு" என்று பெருமூச்சு விட்டார். அம்மாவுக்கு அது போதும்.

"எங்க மக அத அப்பிடியே போடுவாளே! மிஸ்ஸியம்மா கையப் பிடிச்சுச் சொல்லிக் குடுத்ததாக்கும்."

"அப்பிடியா? அப்ப சனிக்கிழமை பொண்ணு பாக்க வரும்போ எங்களுக்கு அதுதான் வேணும்" என்று அவரும் சொல்லிவிட்டார்.

நான் அந்த ரொட்டியை ஒரே ஒரு தடவை, பங்களா அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். தின்றதுகூடக் கிடையாது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கத்தினேன். "பாத்தவளுக்குச் செய்யத் தெரியாதா ஏட்டி?" என்றாள், கூசாமல்.

வடசேரியில் நாட்டுமருந்துக் கடையில் வாதுமைப் பருப்பு கிடைத்தது. பத்தியக்காரனுக்குக் கொடுப்பதுபோல ஒரு பிடி. மீதிக்கு அண்டிப்பருப்பை, அதாவது முந்திரியைச் சேர்த்து, சீனியும் நெய்யும் ஏலக்காயும் போட்டு அம்மியில் அரைத்தோம். அம்மா தேங்காய்ப்பூவும் போட வந்தாள். கையைத் தட்டிவிட்டேன். அடுத்து, மாவு பொங்கவேண்டுமே! மிஸ்ஸியம்மா ஏதோ டப்பாவிலிருந்து போட்டதாகத்தான் கேள்வி. எங்கள் ஊரில் அப்பம் பொங்குவது கள்ளில்.

"கள்ளா? என் வீட்டுக்குள்ளயா?" என்று அப்பா குதித்தார். சபையின் மதுவிலக்குச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். ஆட்களை வேதபுத்தகத்தில் கைவைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்குகிற உத்தியோகம்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். பனையிலிருந்து இறக்குகிற பதநீரை நாங்கள் அக்கானி என்போம். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் அது அக்கானி, பிள்ளைகளும் குடிக்கலாம். தடவாவிட்டால் கள். எங்கள் சபையில் பரலோகத்துக்கும் நரகத்துக்கும் நடுவே இருந்தது அந்த ஒரு விரல் சுண்ணாம்புதான்.

அம்மா நிதானமாகச் சொன்னாள்: "கள்ளு வாங்காண்டாம். அக்கானியே வாங்கிட்டு வாருங்க. பனையேறுத அண்ணன் சுண்ணாம்பு தடவ மறந்துட்டாருன்னு வச்சுக்கிடுவோம்."

அப்பா தாடையைத் தடவினார். "மனுசனுக்கு மறதி உள்ளதுதானே" என்றார்.

வெள்ளிக்கிழமை துண்டுக்கு அடியில் ஒரு செம்பு வந்தது. நுரை துண்டை நனைத்திருந்தது. அப்பா "அக்கானி" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, எங்கள் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

சித்திரை மாதத்து வெயில். பிசைந்து வைத்த மாவு சனிக்கிழமை காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. வீடு முழுக்கக் கள்ளுக்கடை நாற்றம். சாம்பிராணி போடலாம் என்றால் அது ரோமன் கத்தோலிக்கர் வழக்கம், அப்பா சம்மதிக்க மாட்டார். வேறு வழியில்லாமல் அம்மா கருவாடு சுட்டாள். பெண் பார்க்க வருகிற வீட்டில் கருவாடு! நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

மாவை வாழையிலையில் பரத்தி, நடுவில் பருப்பை வைத்து, இரண்டு பக்கமும் கீறி, தலை பின்னுவதுபோல மாற்றி மாற்றிப் போட்டேன். அடுப்பில் பெரிய உருளியை ஏற்றி, மணல் பரப்பி, அதன்மேல் ரொட்டித் தட்டை வைத்து மூடி, மூடியின் மேலும் சிரட்டைத் தணலை அள்ளிப் போட்டோம். திறந்தபோது ஒரு பக்கம் கறுத்து, ஒரு பக்கம் சிவந்து, நடுவில் ஒரு இடத்தில் வெடித்துப் பருப்பு வழிந்து கிடந்தது. ஆனாலும் பின்னல் பின்னலாகவே இருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது.

வந்தார்கள், ஜெபம் செய்தார்கள், உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஒரு துண்டைக் கடித்துவிட்டுக் கண்ணை மூடினார்.

"அண்ணே, இது எதுல பொங்குச்சு?"

"அக்கானி" என்றார் அப்பா.

"சுண்ணாம்பு போட்டதா?"

அப்பா உத்தரத்தைப் பார்த்தார். அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். "அட, இதுக்கா இந்த முழி முழிக்கிய! மிஸ்ஸியம்மாவும் கள்ளுதான் ஊத்துவாவ. பின்வாசல் வழியா வாங்கிக் குடுத்ததே நான்தானே."

இத்தோடு பிழைத்தோம் என்று நான் நினைத்தேன். அப்பாவுக்கோ முகம் கறுத்துவிட்டது. கள்ளைத் தொடமாட்டேன் என்று அவருக்கு முதல் சத்தியத்தைச் செய்துவைத்தது அந்த மிஸ்ஸியம்மா. தன் பொய்யைத் தாங்கிக்கொண்ட மனிதருக்கு மிஸ்ஸியம்மாவின் உண்மையைத் தாங்க முடியவில்லை.

"அவிய பரிசுத்தவதி! அவிய பேரக் கெடுக்கதுக்கா என் வீட்டுல வந்து இரிக்கிய?"

"கண்ணால கண்டதச் சொல்லுதேன்."

"பச்சப் பொய்!"

அந்த அம்மாள் விருட்டென்று எழுந்தார். அவர் வீட்டுக்காரர் குடையை எடுத்தார். "எழும்பு மக்கா, போவோம்."

கதவுக்குப் பின்னால் நின்று அப்பாவை மனதுக்குள் திட்டினேன். பாவி மனுஷா, கப்பலேறிப் போன ஆளுக்காகவா சண்டை! உன் மகள் இங்கே உயிரோடு நிற்கிறாளே!

மாப்பிள்ளை எழவில்லை. "தின்னுட்டு வாறேன்" என்றார்.

எங்கள் பக்கம் தின்றுகொண்டிருக்கிறவனை எழுப்பமாட்டார்கள். கொலைகாரனாக இருந்தாலும் கை கழுவின பிறகுதான் வெளியே போகச் சொல்வார்கள். அப்பா காத்து நின்றார். மாப்பிள்ளை ஒரு துண்டை முடித்து அடுத்த துண்டை எடுத்தார். அதையும் முடித்து அடுத்தது. அவசரமே இல்லை. அவர் அம்மா கால் வலித்து உட்கார்ந்தார். அப்பாவும் உட்கார்ந்தார். "தண்ணி குடிச்சுத் தின்னுங்க தம்பி, விக்கும்" என்றார், மனசில்லாமல். குடையைக் கீழே வைத்தவர் நெல் விலையைப் பற்றிப் பேச்செடுத்தார். ரொட்டி வால் பக்கம் மெலிந்துகொண்டிருந்தபோது, "மிஸ்ஸியம்மாட்ட நான் அக்கானின்னுதான் சொல்லியிருப்பேன், அவியளுக்கு எப்பிடித் தெரியும்?" என்று அந்த அம்மாள் இறங்கிவந்தார். "அப்பிடிச் சொல்லுங்க!" என்று அப்பா மலர்ந்தார். கடைசித் துண்டு உள்ளே போனபோது கல்யாணத்துக்கு மாதம் குறித்துக்கொண்டிருந்தார்கள்.

கல்யாணமான முதல் கிறிஸ்மசுக்கு, ஆசையாசையாக அதே ரொட்டியைச் சுட்டு அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எனக்கு இனிப்பே ஆகாது கேட்டியா. சின்னப் பிள்ளையிலேருந்தே, வாயில வச்சா குமட்டும்."