கஞ்சி குடித்த கடதாசி

மீனென்றால் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கலாம், மாம்பழமென்றால் மணந்து பார்த்து வாங்கலாம்; கடதாசியை மட்டும் எழுதிப் பார்த்தால்தான் தெரியும், எழுதிப் பார்த்துவிட்டால் அதைப் பிறகு ஒருவரும் வாங்க மாட்டார்கள்.

எழுபதுகளின் முற்பகுதி. வெளிநாட்டுச் சாமான்கள் வராமல் நின்றுபோயிருந்த காலம். திருகோணமலையில் கோட்டைப் பக்கம் திரும்பும் தெருவில் கொப்பி, பேனை, கடதாசி விற்கும் அண்ணரின் கடையில் நான் நின்றேன். அண்ணர் சரக்குத் தேடிக் கொழும்புக்கு ஓடித் திரிவார். கடையில் நின்று வாடிக்கைக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது என் பங்கு. மைப்பேனை வைத்திருந்து, அந்தக் காலத்துக் கடதாசியில் எழுதி, பேனையையும் கடதாசியையும் ஒன்றாகத் தூக்கி எறிய நினைத்தவர் யாராவது இதை வாசித்தால், நீங்கள் எனக்குச் சொந்தக்காரர்தான்.

வைக்கோல் வந்த நாள்

முதல் கட்டைப் பிரித்தபோது வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். உள்ளூர் வைக்கோலில் செய்த கடதாசி. இளமஞ்சள் நிறம். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே சின்னச் சின்னத் துரும்புகள் தெரியும். போன போகத்தில் வயலில் நின்றது, மாடு தின்றிருக்க வேண்டியது, தாளாகி என் மேசைக்கு வந்திருக்கிறது. அதற்காக ஒரு மரமும் விழவில்லை. விலையும் எங்களைப் போன்றவர்களுக்கு எட்டும் விலை. மூக்கருகில் வைத்தேன், சூடடித்த களத்து மணம் வந்தது என்று இன்றைக்கும் சொல்வேன். அண்ணர் சிரித்தார்.

பென்சிலுக்கு அது தங்கம். குமிழ்முனைப் பேனைக்கும் குறையில்லை. மைப்பேனையை வைத்தால்தான் சங்கதி வேறு. முனை தொட்ட இடத்திலிருந்து மை நாலு பக்கமும் வேர் விட்டு ஓடும். புள்ளி வைத்தால் பூச்சியாகும், சுழி போட்டால் குளமாகும். கிண்ணியாவிலிருந்து துறை கடந்து வரும் மீரான் காக்கா விறகு வியாபாரி; முஸ்லிம் அண்ணரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். மைப்பேனை இல்லாமல் ஒரு கையெழுத்தும் போட மாட்டார். வாங்கிப்போன கொப்பியோடு மறுகிழமை திரும்பி வந்தார். கோபப்படவில்லை. அதிசயம் காட்ட வந்தவர் போல ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார்.

“இஞ்ச பாரு தங்கச்சி, நான் முதல் பக்கத்தில மட்டுந்தான் எழுதின. மிச்சப் பக்கமெல்லாத்தையும் கொப்பியே எழுதிட்டுது.”

இரண்டு விரல்

இராசையா அண்ணை துறைமுகத்தில் சாமான் இறக்கும் ஒரு கம்பனியில் பாரம் தூக்கும் வின்ச் இயந்திரம் ஓட்டியவர். கம்பி இழுத்ததில் வலக்கையின் நடு மூன்று விரல்களும் போய்விட்டன. கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். வீட்டில் மனைவி இடியப்பம் அவித்து விற்றுத்தான் அடுப்பெரிந்தது.

அந்த இரண்டு விரலால் அவர் திரும்ப எழுதப் பழகியிருந்தார். ஒரு நாள் கடைக்கு வந்து, பேனையைச் சுண்டுவிரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் சாய்த்து வைத்து, தன் பெயரை எழுதிக் காட்டினார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பேனை அந்தக் கையில் படுத்துக்கொண்டு போனதே தவிர, எங்கேயும் தடக்கவில்லை. குமிழ்முனைப் பேனை அவருக்குச் சரிவராது. அதை அழுத்த வேண்டும். அழுத்தினால் விரலை விட்டு வழுக்கிவிடும். மைப்பேனைதான் தானாக ஓடும்.

அதே கம்பனி வாசலில் உள்ளே வருவோர் போவோரைப் பதிகிற வேலைக்கு ஆள் கேட்டிருந்தார்கள். விண்ணப்பத்தைச் சொந்தக் கையெழுத்தில் எழுத வேண்டும் என்று போட்டிருந்தது. அந்த ஒரு வரியில்தான் அவருடைய உயிர் இருந்தது. வைக்கோல் கடதாசியில் எழுதினால் மை கலங்கி, கை ஏலாதவன் எழுதியது போலத்தான் இருக்கும். பார்த்தவுடன் ஒதுக்கிவிடுவார்கள். நல்ல வெள்ளைக் கடதாசியோ கறுப்புச் சந்தையில், கேட்கவே பயமான விலைக்கு.

“என்ர கையில பிழையில்லைத் தங்கச்சி, இந்தக் கடதாசிக்கு மை தாங்க ஏலாது. அதை அவையளுக்கு ஆர் போய்ச் சொல்லுறது?”

கடலின் முதுகு

மீரான் காக்காவிடம் இதைச் சொன்னேன். அடுத்த முறை வரும்போது கக்கத்தில் ஒரு சுருள் கொண்டுவந்தார். பழைய இரும்பு வாங்குகிறவரிடம் கிடைத்த, கப்பல்காரர் பாவித்துக் கழித்த கடல் வரைபடம். மேசையில் விரித்தோம். எங்கள் உட்துறைமுகம் முழுவதும் அதில் கிடந்தது. தண்ணீருக்கு மேலே எத்தனையோ தரம் பார்த்த இடம். அடியில் இவ்வளவு பள்ளம் இருக்குமென்று நான் கனவிலும் நினைக்கவில்லை. ஆழம் காட்டும் இலக்கங்களைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கால் கூசியது.

பின்பக்கம் வெறுமையாக, வழுவழுவென்று இருந்தது. இராசையா அண்ணை ஒரு எழுத்து எழுதினார். மை அப்படியே நின்றது. அசையவில்லை. மூவரும் அந்த ஒரு எழுத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம். வெட்டினால் எத்தனையோ விண்ணப்பம் எழுதலாமே என்று நான் கத்தரிக்கோலை எடுத்தேன். இராசையா அண்ணை தாளைத் திருப்பி முன்பக்கத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சுருட்டிக் காக்காவின் கையிலேயே கொடுத்தார்.

“துறைமுகத்தின்ர ஆழமெல்லாம் போட்ட கடதாசியில துறைமுகத்தில வேலை கேட்டால், வேலை தரமாட்டாங்கள் காக்கா, விலங்குதான் தருவாங்கள்.”

சேலையில் விழுந்த சொட்டு

கடையில் மைப்போத்தலைத் திறக்கும்போது ஒரு சொட்டு என் சேலையில் விழுந்தது. அன்றைக்குத்தான் கஞ்சி போட்டு உடுத்திய பருத்திச் சேலை. ஐயோ என்று குனிந்தால், சொட்டு கொசுவத்தின் மேல் உருண்டையாக உட்கார்ந்திருக்கிறது. துணி அதைக் குடிக்கவேயில்லை. ஒற்றி எடுத்தேன், கடுகளவு நீலம்தான் மிஞ்சியது. கடை திறந்திருப்பதையும் மறந்து, இன்னொரு சொட்டு நானே விட்டுப் பார்த்தேன். நல்ல சேலையைப் பழுதாக்கிக்கொண்டு இவ்வளவு சந்தோஷப்பட்டவள் ஊரில் வேறு ஒருத்தியும் இருந்திருக்க மாட்டாள்.

வீட்டுக்கு ஓடிப்போய் வைக்கோல் கடதாசிக்குக் கஞ்சி போட்டேன். வடித்த கஞ்சி போதவில்லை. அடுப்படியில் குடிக்கவென்று மூடி வைத்திருந்த கஞ்சியையும் ஊற்றித் தண்ணீர் கலந்தேன். தாளைத் தோய்த்து, கொடியில் போட்டு, கச்சான் காற்றில் காயவிட்டு, சோடாப் போத்தலால் அழுத்தித் தேய்த்தேன். தாள் பளபளத்தது. பேனையை வைத்தால் மை வைத்த இடத்தில் நின்றது. நான் கொடிக்குக் கீழே தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அரிசி கூப்பனுக்குக் கிடைத்த காலம் அது. அம்மா வெறும் பானையைப் பார்த்தா, கொடியில் ஆடும் தாள்களைப் பார்த்தா, என்னைப் பார்த்தா.

“வரிசையில நிண்டு வாங்கின அரிசி பிள்ளை. மனுசர் குடிச்ச மிச்சத்தைக் கடதாசிக்குக் குடு, கடதாசி குடிச்ச மிச்சத்தை எங்களுக்குத் தராதை.”

மான்

இராசையா அண்ணை கஞ்சி போட்ட முதல் தாளை எழுதிப் பழக வீட்டுக்குக் கொண்டுபோனார். இரவு கடல் பக்கத்திலிருந்து ஈரக் காற்று அடித்தது. காலையில் தாளோடு வந்தார். எழுத்தெல்லாம் வீங்கிப்போயிருந்தது. தாளைத் தொட்டால் விரல் நனைந்தது. மழை இல்லை, தண்ணீர் படவில்லை, கடதாசிக்கு வியர்த்திருக்கிறது. விண்ணப்ப முடிவு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் என் முகத்தையே பார்த்தது எனக்குத் தாங்கவில்லை.

மற்ற நாள் விடிய எழும்பிப் பார்த்தால் எங்கள் முற்றத்தில் கோட்டைப் பக்கத்து மான்கள். அந்தத் தெருவில் இருப்பவர்களுக்கு மான் வீட்டு ஆட்டைப் போல. வரும், வாழைத்தோல் தின்னும், போகும். அன்றைக்கு அவை தலையைத் தூக்கிக் கொடியில் கிடந்த என் கடதாசியை நக்கிக்கொண்டு நின்றன. ஒரு கொம்பன் முழுத் தாளையும் இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு மென்றது. விடியல் வெளிச்சத்தில் அந்தப் புள்ளி முதுகுகளும் அசையும் தாள்களுமாக இருந்த அழகில், விரட்ட மனம் வரவில்லை. பிறகுதான் கவனித்தேன். கஞ்சி போடாத வெறும் தாள்கள் கீழே கட்டாகக் கிடந்தன. ஒரு மானும் அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. கொடியில் மிஞ்சிய தாளின் மூலையை நானும் நக்கிப் பார்த்தேன்.

உப்பு. குடிக்க வைத்த கஞ்சியில் அம்மா போட்ட உப்பு. அதுதான் கடற்காற்றின் ஈரத்தையெல்லாம் இழுத்திருக்கிறது. நான் திரும்பியபோது, மான்களுக்கு நடுவில் கடதாசி நக்கும் மகளைப் பார்த்துக்கொண்டு அம்மா வாசலில் நின்றா.

“உப்புப் போடாமல் கஞ்சி ஆர் குடிக்கிறது பிள்ளை? நீ கடதாசிக்கு எண்டு எனக்குச் சொன்னனியே?”

மரவள்ளி

அரிசிக்குத் தட்டுப்பாடான வீடுகளிலெல்லாம் அப்போது மரவள்ளிதான் சாப்பாடு. துருவிப் பிழிந்தால் வருகிற பால் தண்ணீரை ஊற்றிவிடுவோம். அதைத் தெளியவிட்டால் அடியில் வெள்ளை மா படியும். அதைக் காய்ச்சினேன், உப்புத் தெறிக்காமல் சட்டியைக் கழுவிக் கழுவி. அம்மாவும் கூட நின்று தேய்த்தா. காய்ந்த தாளை வெளியே தொங்கவிட்டு ஒரு இரவு முழுக்க ஈரக் காற்றுக்குக் கொடுத்தோம். காலையில் தட்டினால் அப்பளம் போலச் சத்தம் வந்தது. மான்கள் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டன. வயலில் கழித்த வைக்கோல், குசினியில் கழித்த தண்ணீர், இரண்டும் சேர்ந்து இப்படியொரு பொருளாகுமென்று நினைக்க எனக்கு மயிர் கூச்செறிந்தது.

இராசையா அண்ணை எங்கள் கடை மேசையில் இருந்து அந்த விண்ணப்பத்தை எழுதினார். கதிரையை இழுத்துப்போட்டு, கையைச் சட்டையில் துடைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு. வரி வரியாக, அச்சடித்தது போல வந்தது. அவருடைய மனைவி இடியப்பத் தட்டோடு வாசலில் நின்றவ, உள்ளே வந்து எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டா.

“கலியாணத்துக்கு முன்னம் எனக்கு எழுதின எழுத்து. நான் அது அந்த மூண்டு விரலோட போயிட்டுது எண்டெல்லோ இருந்தனான்.”

கேள்விக்குப் போன இடம்

நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். போனார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் விண்ணப்பத்தையும் அவர் கையையும் மாறி மாறிப் பார்த்திருக்கிறார்கள். யார் எழுதித் தந்தது என்று கேட்டிருக்கிறார்கள். நான்தான் என்று அவர் சொல்லியும் நம்பவில்லை. எழுதிக் காட்டச் சொல்லித் தங்கள் தாளை நீட்டியிருக்கிறார்கள். அதுவும் அதே வைக்கோல் கடதாசி. முதல் சுழியிலேயே குளம். ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தாராம்.

பழக என்று நான் கொடுத்திருந்த தாளில் ஒன்று சட்டைப் பைக்குள் இருந்ததாம். அதை எடுத்து விரித்து, விண்ணப்பத்தின் முதல் வரியை அவர்கள் கண்ணுக்கு முன்னால் எழுதியிருக்கிறார். தாள் கைக்குக் கை போயிருக்கிறது. தடவினார்களாம், தட்டினார்களாம், வெளிச்சத்தில் பிடித்தார்களாம். பிறகு போகச் சொல்லிவிட்டார்கள். நேரே கடைக்கு வந்து கதிரையில் விழுந்தார்.

“வேலையைப் பற்றி ஒரு கதையுமில்லைத் தங்கச்சி. இந்தக் கடதாசி எங்க வாங்கினனீர் எண்டுதான் மூண்டு பேரும் கேட்டவை.”

வாசல்

பிறகு கொஞ்ச நாள் அவரைக் காணவில்லை. தெருவில் இடியப்பத் தட்டைக் கண்டால் நான் உள்ளுக்குப் போய்விடுவேன். கேட்கப் பயம். ஒரு நாள் மத்தியானம், வெள்ளைச் சட்டையோடு உள்ளே வந்து, தடித்த மட்டைப் புத்தகம் ஒன்றை மேசையில் வைத்தார். ஒரு எழுத்தும் எழுதாத புதுப் புத்தகம். திறந்து பார்த்தேன். முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை வைக்கோல் கடதாசி. வேலை கிடைத்துவிட்டது, வாசலில் வைத்து எழுதக் கம்பனி கொடுத்த புத்தகம் இது. மேலதிகாரியிடம் கேட்டுக்கொண்டுதான் கொண்டுவந்திருக்கிறார். தையலைப் பிரித்துத் தாள் தாளாகக் கஞ்சி போட்டுத் தர ஏலுமோ என்று கேட்டார்.

ஓம் என்றேன். சொன்ன பிறகுதான் தாள்களின் தடிப்பைப் பார்த்தேன். பரவாயில்லை, ஊர் முழுக்க மரவள்ளி தின்கிறது. சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க, எந்த வாசலில் விட்டிருக்கிறார்கள் என்று சும்மா கேட்டேன். அவர் அந்த இரண்டு விரலையும் புத்தகத்தின் மேல் வைத்துக்கொண்டு சொன்னார்.

“அண்டைக்கு என்ர கையைத் துணியில சுத்தித் தூக்கிக்கொண்டு வந்த அதே வாசல் தங்கச்சி. இனி அதால ஆர் உள்ளுக்குப் போகினம், ஆர் வெளியில வருகினம் எண்டு நான்தான் எழுதப்போறன்.”

கடதாசிக் கடைக்காரி என்றுதான் ஊரில் பெயர் எடுத்தேன், ஆனால் அந்த வருஷங்களில் நான் விற்றதெல்லாம், உங்களிடம் மட்டும் சொல்கிறேன், உப்பில்லாத கஞ்சிதான்.