அப்பாசாமி ஊட்டு வண்டி

மலைமேல் அரியூர் நாட்டில் மரவள்ளியும் மிளகும் போடும் அப்பாசாமிக்குச் சொத்து என்று பார்த்தால் கொஞ்சம் காடு, ஒரு பைக். காட்டுக்காவது வேலி உண்டு. பைக்கின் சாவி அதிலேயே தொங்கும். கீழே சேந்தமங்கலம் போகவேண்டியவர் யாரானாலும் எடுத்துப் போகலாம். அனுமதி கேட்டால்தான் அவருக்குக் கோபம் வரும். எங்கள் ஊரில் பாதிப் பேர் வண்டி பழகியது அதில்தான். மீதிப் பேர் விழுந்ததும் அதில்தான்.

அடிவாரத்தில் போலீஸ் ஒரு கேமரா வைத்தது. வண்டி நம்பரைப் படித்து, எது எப்போது ஏறி இறங்குகிறது என்று பார்த்து, யார் தப்புச் செய்யப்போகிறார்கள் என்று கம்ப்யூட்டர் முன்கூட்டியே சொல்லுமாம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள் என்னைப் பற்றி அப்படித்தான் சொன்னார்கள். அவர்களுக்குக் கரண்டுகூடத் தேவைப்படவில்லை.

காலையில் மூட்டையோடு இறங்கி, மத்தியானம் ஏறி, சாயங்காலம் மறுபடி மூட்டையோடு இறங்கும் பைக்கைப் பார்த்து, சாராயம்தான் என்று கம்ப்யூட்டர் முடிவு கட்டியது. அப்பாசாமி பெயர் சிவப்பாகிவிட்டது. அவர் இறங்கும்போதெல்லாம் மூட்டையை அவிழ்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள். உள்ளே மிளகுதான் இருந்தது. அப்புறம் எஸ்.ஐ. வீட்டுக்கே வந்தார்.

"ஏனுங்க சார், ஏதாச்சும் தப்பு நடந்துருச்சுங்களா?"

"இன்னும் நடக்கல. நடக்கும்னு காட்டுது."

"அப்ப நடந்ததுக்கப்புறம் வாங்க சார்."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. அவருக்குக் கிண்டல் வராது.

வண்டியை யார் யார் ஓட்டுகிறார்கள் என்று சொன்னால் அவர் பெயரைச் சிவப்பிலிருந்து எடுக்கப் பார்க்கலாம் என்றார் எஸ்.ஐ. சொன்னால் அந்தப் பெயர்களெல்லாம் கம்ப்யூட்டருக்குள் போகும். அப்பாசாமி ஒரு பெயரும் கொடுக்கவில்லை.

விஷயம் பரவியதும் பைக்கை யாரும் தொடவில்லை. அவருக்கு மேலும் வம்பு வேண்டாமென்று சிலர், தங்கள் பெயரும் மாட்டவேண்டாமென்று சிலர். எல்லாரும் பஸ்ஸுக்கு நின்றார்கள். "கீழ போறியா கண்ணு? வண்டி சும்மாத்தான் நிக்குது" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் அவர் கேட்டுப் பார்த்தார். போலீஸ் வந்தபோதுகூட அந்த முகம் அப்படி வாடவில்லை.

பெருமாயி அக்காவின் குழந்தைக்குக் காய்ச்சல் வந்த அன்று பஸ் போய்விட்டது. தங்கையிடம் குழந்தையைக் கொடுத்துப் பின்னால் உட்காரவைத்து, கேட்காமல் வண்டியை எடுத்தார் அக்கா. அடிவாரச் சோதனைச்சாவடியில் பெயர் கேட்டதற்கு, "அப்பாசாமி ஊடுங்க" என்றார். அடுத்து வண்டியை எடுத்துப் போன மாணிக்கமும் அதையே சொன்னார். ஊருக்கே அது பிடித்துப்போனது.

எஸ்.ஐ. மறுபடி வந்தார். அந்த ஒற்றை அறை வீட்டை எட்டிப் பார்த்தார்.

"உன் வீட்டுல மொத்தம் எத்தனை பேருய்யா?"

அப்பாசாமி நன்றாக யோசித்தார்.

"யாரைங்க உட்டுட்டு எண்ணச் சொல்றீங்க?"

சிவப்பு இன்னும் போகவில்லை. அதை எப்படி எடுப்பதென்று எஸ்.ஐ.க்கும் தெரியாதாம். சந்தை நாளில் அப்பாசாமி, மூட்டை அவிழ்த்துக் கட்டும் நேரத்தையும் சேர்த்து, முன்னதாகவே கிளம்பிவிடுகிறார்.