திருப்பிக் கொடுக்க வந்த வண்டியில் ஒரு பீரோ

1. பீரோவோடு வந்தார்கள்

ஜி.எஸ்.டி. ரோட்டில் எங்கள் ஷோரூம் வாசலில் அந்தச் சாம்பல் நிறப் பிக்கப் வந்து நின்றபோது நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, நான் விற்ற வண்டி. ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஓட்டிக்கொண்டு வந்தவர் கலாவதி மேடம். பக்கத்தில் அவர் வீட்டுக்காரர் ராகவன் சார். பின்னால் தொட்டியில், நைலான் கயிற்றால் கட்டிய ஒரு ஸ்டீல் பீரோ. கதவில் ஆளுயரக் கண்ணாடி வேறு.

ராகவன் சார் இறங்கியதும், வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"சீலன், இதை எடுத்துக்குங்க. எக்ஸ்சேஞ்சோ ரீசேலோ, என்னமோ பண்ணுங்க. எனக்கு டிக்கி மூடற மாதிரி ஒரு வண்டி போதும்."

"பீரோவும் சேர்த்தா சார்?"

"அது எங்களுது இல்லண்ணா," என்றார் மேடம், தரையைப் பார்த்துக்கொண்டு. "எதிர் வீட்டு தேவசகாயம் சாரோடது."

தேவசகாயம் சார் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். மறுத்துப் பேச முடியாத மரியாதை அவருக்கு அந்தக் காலனியில் உண்டு. நடந்ததை ராகவன் சார் சொன்னார்.

"வண்டியை விக்கப் போறோம் சார்னு சொல்லிட்டுத்தான் கேட்டைத் திறந்தேன். அதுக்கு அவர் என்ன சொன்னார் தெரியுமா? 'அடடா, அப்ப விக்கறதுக்கு முன்னாடி இது ஒண்ணை மட்டும் பையன் வீட்டுல இறக்கிடுங்க, போற வழிதானே'ன்றார். வந்த கோபத்துல ஏத்திக்கிட்டு நேரா இங்கயே வந்துட்டோம்."

அவர்கள் வீடு ராஜகீழ்ப்பாக்கம். எங்கள் ஷோரூம் தாம்பரத்துக்கு மேற்கே. பையன் வீடு பள்ளிக்கரணையில், நேர் எதிர்த் திசையில். ரிடையர் ஆகப்போகும் வயது வரை வண்டி விற்றிருக்கிறேன். போற வழி என்ற பேச்சுக்கும் வரைபடத்துக்கும் சம்பந்தம் இருந்து நான் பார்த்ததில்லை.

2. ஏன் வாங்கினார்கள்

புதிதாக சேல்ஸுக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்காக இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். குட்டி யானை என்று நாம் சொல்லும் சரக்கு வண்டி வேறு, இது வேறு. நாலு கதவு, அஞ்சு பேர் உட்காரலாம், ஏசி, பவர் ஸ்டியரிங், சாய்ந்துகொள்ள நல்ல சீட். பின்னால் மட்டும் டிக்கிக்குப் பதிலாகத் திறந்த ஒரு சின்னத் தொட்டி. நம்பர் பிளேட் வெள்ளை போர்டு, அதாவது சொந்த உபயோகத்துக்கு. வீடு வைத்திருப்பவனுக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி கிடையாது என்பது இன்றைக்கும் என் கட்சி. வீடு என்று ஒன்று இருந்தால் வாரத்துக்கு ஒரு பொருள் உள்ளே வரும், ஒரு பொருள் வெளியே போகும். காருக்குள் அது நுழையாது.

ஆனால் நம் ஜனங்களிடம் இதை விற்பதற்குள் தொண்டை வறண்டுவிடும். அவர்கள் சொன்னதையெல்லாம் நான் இன்னும் மறக்கவில்லை. "பின்னாடி ஸ்லாப் போடறதுக்குள்ள கம்பெனியில பட்ஜெட் முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டார் ஒரு பில்டர். "இதுல போய்க் கல்யாணத்துக்கு இறங்கினா, வாழைமரத்தைப் பின்பக்கம் இறக்குங்கன்னு சொல்லிடுவான்," என்றார் ஒரு அம்மா. எங்கள் மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டு சொல்வார்: "இவங்களுக்குக் கார் மாதிரி உக்காரணும், லாரி மாதிரி ஏத்தணும், ஸ்கூட்டர் மாதிரி நிறுத்தணும். பார்க்கறதுக்கு மட்டும் மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி இருக்கணும். நான் எங்கய்யா போவேன்?"

கலாவதி மேடம் அப்படி எதுவும் சொல்லவில்லை. கேம்ப் ரோடு சிக்னலில் ஸ்கூட்டரோடு விழுந்ததிலிருந்து அவர் எந்த வண்டியையும் தொடவில்லை. வீட்டுக் காரை ஓட்டிப் பார்த்திருக்கிறார், முடியவில்லை. "குழிக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு. முன்னாடி போற பஸ் டயர்தான் தெரியுது," என்றார். நான் பிக்கப்பின் டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னேன். சீட்டை முன்னால் தள்ளிக் கொடுத்தேன். வண்டலூர் வரை போய்த் திரும்பி வந்தார். இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, "இப்பதாங்க ரோடு என் கண்ணுக்குத் தெரியுது," என்றார்.

ராகவன் சாருக்கு அந்த வண்டி பிடிக்கவே இல்லை. ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பிறகு அவர் பேரம்கூடப் பேசவில்லை. மொட்டை மாடித் தோட்டத்துக்கு மண் மூட்டை, எரு, நாற்று எல்லாம் மேடமே போய் ஏற்றிக்கொண்டு வர ஆரம்பித்தார்.

3. காலி இடம் கண்ணில் படும்

காரின் டிக்கி காலியா, நிறைந்திருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. தெரியாததால் யாரும் கேட்பதில்லை. பிக்கப்பின் தொட்டி அப்படியில்லை. காலியாக இருப்பது தெருவுக்கே தெரியும். தெரிந்த பிறகு நம் ஆட்களால் சும்மா இருக்க முடியாது. காலியாக ஒரு வண்டி போவதைப் பார்த்தால் அவர்களுக்கு மனசு கேட்காது.

முதலில் ஒரு கேஸ் அடுப்பு. பிறகு இன்வர்ட்டர் பேட்டரி. கொலுப் படி ஒரு வீட்டுப் பரணிலிருந்து இன்னொரு வீட்டுப் பரணுக்குப் போனது. கிறிஸ்துமஸ் பவனிக்கு ஸ்பீக்கர் பெட்டி. மோட்டார் ரிப்பேரான வாரத்தில் தண்ணி கேன். காலனி வாட்ஸ்அப் குரூப்பில் செயலாளர், "இனி நம் காலனிக்கென ஒரு வண்டி உள்ளது, மகிழ்ச்சி" என்று எழுதி, கும்பிடும் கையும் போட்டிருந்தாராம். வண்டிக்கு மாதத் தவணை கட்டுகிற ராகவன் சாருக்கு அதைப் படித்த அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

"நீ முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே," என்பார் மேடத்திடம்.

"நீங்க சொல்லுங்களேன்."

அவர் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். முடியாது என்று சொல்ல வாய் வராமல், பிரேக் சரியில்லை என்றார். அரை மணி நேரத்தில் தேவசகாயம் சார் மெக்கானிக்கையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "இன்னா சார், பிரேக்கு சோக்காதானே கீது," என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றைக்கு ஏறியது ஒரு ஃபிரிட்ஜ்.

இப்படித்தான் விஷயம் முற்றி, அவர்கள் பீரோவோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

4. பள்ளிக்கரணை

மேனேஜர் வெளியே வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். பீரோக் கண்ணாடியில் அவர் முகமே அவருக்குத் தெரிந்தது.

"பீரோவை வெச்சிக்கிட்டு நான் தொட்டியில என்னத்தப் பாக்கறது? ஸ்க்ராட்ச் இருக்கா, டென்ட் இருக்கா, ஒண்ணும் தெரியல. முதல்ல இதை எங்கயாவது இறக்கிட்டு வாங்க. சீலா, நீயும் கூடப் போ. நீதானே வித்த?"

வேலையில் இப்படி ஒரு வசதி உண்டு. விற்ற அன்று பாராட்டு கம்பெனிக்கு, திரும்பி வந்த அன்று வண்டி நமக்கு.

பீரோவின் கால் தொட்டியின் ஓரத்தில் உரசிக்கொண்டிருந்தது. ரீசேலில் ஒவ்வொரு கீறலுக்கும் விலையைக் குறைப்பார்கள் என்பதால், அக்சசரீஸ் பிரிவிலிருந்து சீட் கவர், மேட் வந்த காலி அட்டைப்பெட்டிகளை அள்ளிக்கொண்டு வந்து பீரோவைச் சுற்றி அடைத்தேன். தூறல் போட ஆரம்பித்ததால் ஒரு நீலத் தார்ப்பாயையும் எடுத்து மேலே போட்டுக் கட்டினேன். நான் பின் சீட்டில் ஏறிக்கொண்டேன்.

சேலையூர், செம்பாக்கம் தாண்டினோம். மேடவாக்கம் நெரிசலில் வண்டி நின்றது. இரண்டு பக்கமும் பைக்குகள் இடுக்கில் நுழைந்துகொண்டிருந்தன. மேடம் பதற்றமில்லாமல் கிளட்சை விட்டு விட்டு நகர்த்தினார். அப்போதுதான் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சொன்னார்.

"இது போச்சுன்னா நான் மறுபடி பின் சீட்டுதான், அண்ணா. எங்க போகணும்னாலும், எப்ப வருவீங்கன்னு இவரைக் கேக்கணும்."

"அதான் வேற கார் வாங்கறோமே," என்றார் ராகவன் சார்.

"அது உங்களுக்கு."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். விற்பது மட்டும்தான் நமக்குத் தெரியும். இல்லை என்று சொல்ல யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை.

அடுக்குமாடி வாசலில் செக்யூரிட்டி கையை நீட்டி நிறுத்தினார்.

"லோடு வண்டிய உள்ள வுட மாட்டாங்கோ சார். பின்னாடி கேட்டு."

"இது லோடு வண்டி இல்லப்பா, கார். வெள்ளை போர்டு பாரு," என்றேன்.

"பீரோவ வெச்சிகினு காருன்றியே சார்."

பின் கேட்டுக்குப் போனோம். பீரோ லிஃப்டில் நுழையவில்லை. தேவசகாயம் சாரின் பையன் இம்மானுவேல் காதில் இயர்போனோடு வந்து, ஆபீஸ் கால் என்று சைகை காட்டிவிட்டு, கட்டைவிரலை உயர்த்தினார். அந்தக் கட்டைவிரலைத் தவிர வேறு எந்த உதவியும் அவரிடமிருந்து வரவில்லை. ராகவன் சாரும் நானும் செக்யூரிட்டியுமாகப் படியேற்றினோம். ஒவ்வொரு திருப்பத்திலும் கண்ணாடியில் எங்கள் மூன்று பேர் முகமும் தெரிந்தது. நல்ல காட்சி இல்லை. "இதுக்குத்தான் சார் எவன் கேட்டாலும் வண்டியே இல்லன்னுடணும்," என்றார் செக்யூரிட்டி, மூச்சு வாங்கியபடி. "எங்க வூட்ல ஒரு ஏணி வாங்கினேன். இன்னிக்கு வரிக்கும் அது எங்க வூட்ல இருந்ததே இல்ல."

இறக்கி முடித்துக் கீழே வரும்போது இம்மானுவேலும் கூடவே வந்தார். கால் முடிந்திருந்தது.

"தேங்க்ஸ் அங்கிள். இப்ப காலியாத்தானே திரும்பிப் போறீங்க? அப்பாவோட பழைய கட்டில் ஒண்ணு இங்க கிடக்கு. அவர் கேட்டுட்டே இருந்தார். போற வழிதானே."

ராகவன் சார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். இன்றைக்கு ஏதோ நடக்கப்போகிறது என்று நினைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. வண்டி பக்கத்தில் போனதும் இம்மானுவேலே நின்றுவிட்டார். நாங்கள் மேலே போயிருந்த நேரத்தில், அட்டைப்பெட்டி காற்றில் பறக்கக் கூடாதே என்று மேடம் எல்லாவற்றையும் அடுக்கி, தார்ப்பாயை இழுத்துக் கட்டிவைத்திருந்தார். தொட்டி நிறைய, நீல நிறத்தில், கச்சிதமாக ஏதோ இருந்தது.

"ஓ, லோடு இருக்கா? சரி ஆன்ட்டி, அப்புறம் பாத்துக்கலாம்."

அவ்வளவுதான். முகத்தில் வருத்தம்கூட இல்லை. கையைக் காட்டிவிட்டு லிஃப்டுக்குப் போய்விட்டார்.

"தம்பி, அது வெறும்..." என்று ராகவன் சார் உண்மை விளம்ப வாயைத் திறந்தார்.

"ஏறுங்க," என்றார் மேடம்.

ஏறினோம். மேடவாக்கம் தாண்டினோம். ராகவன் சார் திரும்பித் திரும்பிப் பின் கண்ணாடி வழியாகத் தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராஜகீழ்ப்பாக்கம் திருப்பம் வந்ததும் மேடம் வேகத்தைக் குறைத்தார்.

"நேரா ஷோரூமா, திரும்பணுமா?"

ராகவன் சார் முன்னால் திரும்பி உட்கார்ந்தார். "லோடோட எப்படி விக்கறது? வீட்டுக்கே போ."

என்னை அங்கேயே இறக்கிவிட்டார்கள். பஸ் பிடித்து, தாம்பரத்தில் இன்னொரு பஸ் மாறி ஷோரூம் போய்ச் சேர்ந்தேன். மேனேஜர் வாசலிலேயே நின்றார். "வண்டி எங்கய்யா?" என்றார். "தார்ப்பாய் எங்கய்யா?" என்றார். இரண்டுக்கும் ஒரே பதில்தான்.

5. பிள்ளைகளுக்கு

அந்த வண்டி இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது. அட்டைப்பெட்டிகளும் இருக்கின்றன. மண் மூட்டை ஏற்றும் அன்று மட்டும் இறக்கி வைத்துவிட்டு, வீடு வந்ததும் மறுபடி கட்டிவிடுகிறார்கள். "டீசல் போட்டு அட்டைப்பெட்டிக்கு ஊர் சுத்திக் காட்டறோம், சீலன்," என்று ராகவன் சார் சர்வீஸுக்கு வரும்போதெல்லாம் சலித்துக்கொள்வார். மேடம் தனியாகக் கோவளம் வரை ஓட்டிப் போய் மீன் வாங்கி வந்ததைச் சொல்லும்போது மட்டும் அந்தச் சலிப்பு குரலில் இருக்காது.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். பிக்கப் வாங்க வருகிறவரிடம் எவ்வளவு எடை ஏற்றுவீர்கள் என்று கேட்காதீர்கள். தெருவில் எத்தனை பேரிடம் நல்ல பெயர் வாங்கி வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். அதிகம் என்றால், டெலிவரி அன்று சாவியோடும் ஸ்வீட் பாக்ஸோடும் ஒரு தார்ப்பாய், கயிறு, நாலைந்து காலி அட்டைப்பெட்டி கொடுத்து அனுப்புங்கள். நான் இப்போது எல்லோருக்கும் கொடுக்கிறேன். மேனேஜர் திட்டுகிறார். இதுவரை ஒரு வண்டியும் பீரோவோடு திரும்பி வரவில்லை.

போன மாதம் என் மகள் செம்பாக்கத்துக்குக் குடிமாறினாள். ஒரே ஒரு வாஷிங் மெஷின்தான் மிச்சம். கலாவதி மேடத்துக்கு போன் செய்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் சுற்றி வளைத்து, கடைசியில் என் வாயிலிருந்தே அது வந்துவிட்டது.

"ஒண்ணும் பெரிசா இல்ல மேடம். நீங்க போற வழிதான்."

"லோடு இருக்கே, அண்ணா," என்றார்.

என்ன லோடு என்று எனக்குத் தெரியும். பெட்டியும் நான் கொடுத்தது, தார்ப்பாயும் நான் கொடுத்தது. சரி மேடம், அப்புறம் பாத்துக்கலாம் என்று வைத்துவிட்டு, குட்டி யானைக்கு போன் போட்டேன்.