மோட்டர் பழுதானதை எழுதியவர்

உப்புவெளிக் கரையோரம் இருக்கும் மீன் பதனிடும் கம்பனியில் நான் கணக்காளர். ஆண்டறிக்கையில் இலாபநட்டப் பகுதி என்னுடையது. சுற்றாடல் பகுதியை எழுதுபவர் கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் ஒரு பெண் அதிகாரி, என்னைவிட இளையவர். அவர் வருவதற்கு முன் அந்தப் பகுதி முழுக்க மரம் நடும் படங்கள்தான். யாரும் வாசிப்பதில்லை, நானும்தான்.

அவர் சேர்ந்த பிறகு வந்த மாரியில், கழிவுநீரைச் சுத்திகரிக்கும் மோட்டர் பழுதானது. கொழும்பிலிருந்து உதிரிப்பாகம் வந்து சேரும்வரை மீன் கழுவிய தண்ணீர் அப்படியே கடலுக்குப் போனது. நாற்றம் தாங்காமல், பக்கத்துக் கிராமமான சல்லியின் மீனவர்கள் எங்கள் வாசலுக்கு வந்து சத்தம் போட்டார்கள். “அது எங்கட தண்ணி இல்லை” என்று முகாமையாளர் அவர்களை அனுப்பிவிட்டார்.

அறிக்கைக் காலம் வந்தது. நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டுவந்து அவர் முகாமையாளரிடம் கொடுத்தார். நானும் அந்த அறையில் இருந்தேன்.

“இதைப் போடத்தான் வேணுமோ? கடன் தர இருக்கிற வங்கிக்காரர் பாத்தால் என்ன நினைப்பினம்?” என்றார் முகாமையாளர்.

“சேர், மரம் நட்டதை மட்டும் போட்டால் ஒருத்தரும் நம்பமாட்டாங்க. இதை எடுக்கிறதெண்டால் என்ட பெயரையும் எடுத்திடுங்க.”

அவர் குரல் உயரவில்லை. வங்கியை நினைத்து எனக்கும் பயம்தான். ஆனாலும் “போடுவம் சேர்” என்று வாயில் வந்துவிட்டது. முகாமையாளர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையெழுத்து வைத்தார்.

அதிகாரி அதோடு விடவில்லை. ஆங்கிலத்தில் இருக்கும் அறிக்கை சல்லி மக்களுக்கு எதற்கு என்று, அந்தப் பக்கத்தைத் தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு புறப்பட்டார். துணைக்கு நானும் போனேன். கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் கூடிவிட்டார்கள். அவர் வாசித்து முடித்ததும் ஒரு பெண் கேட்டார்.

“அப்ப நாங்கள் அண்டைக்குச் சொன்னது பொய்யில்லைத்தானே, தங்கச்சி?”

“ஓம் அக்கா, பொய்யில்லை. நாங்கதான் மறைச்சிட்டம்.”

சிலர் கோபமாக ஏசினார்கள். ஒன்றையும் மறுக்காமல், ஏச்சு ஓயும்வரை அவர் வெயிலில் நின்று கேட்டார். எனக்கோ எப்போது கிளம்புவோம் என்றிருந்தது.

அந்த வருடம் இலாபம் குறைந்தது. இரண்டாவது மோட்டர் வாங்கினோம். வங்கியும் கேள்விக்கு மேல் கேள்வி கேட்டுக் கடனை இழுத்தடித்தது. பிறகு, எங்கள் இறாலை வாங்கும் வெளிநாட்டுக் கம்பனி அறிக்கையை வாசித்துவிட்டு ஆட்களை அனுப்பியது. அவர்கள் மோட்டர்களைப் பார்த்தார்கள், அதிகாரியோடு நெடுநேரம் கதைத்தார்கள், கடைசியில் ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள். அடுத்த வருடம் இலாபம் ஏறியது.

“எல்லாம் உங்களாலதான்” என்றேன்.

“இறால் விலையும் ஏறினதுதானே? கணக்காளர் நீங்களே இப்பிடிச் சொல்லலாமா?” என்று சிரித்தார்.

அவர் சொன்னது சரி. அந்த இலாபத்தில் எவ்வளவு இறால் விலையால் வந்தது, எவ்வளவு அந்தப் பக்கத்தால் வந்தது என்று பிரித்துக்காட்ட என்னால் ஏலாது. ஆனால் இப்போதெல்லாம் அறிக்கைக் காலத்தில் முகாமையாளர் முதலில் கூப்பிடுவது அவரைத்தான். “இந்த வருசம் என்ன பிழையாப் போச்சு?” என்று அவரிடம் கேட்ட பிறகுதான் என் பக்கம் திரும்புகிறார்.